இடம்பெயர்ந்த இளைஞர்களை ஊர் அமைதிக்குப் பயிற்றுவிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுனாமிக்குப் பிறகு கடலோரத்திலிருந்து நகர்த்தப்பட்டுக் குடியிருப்புகளில் வாழும் மீனவ இளைஞர்கள், இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு மறுவாழ்வு முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என்று, கடலூரிலும் புதுச்சேரியைச் சுற்றியும் இடம்பெயர்ந்தவர்கள் பல வகைப்படுவர். இவர்களில் இருபது பேரைச் சேர்த்து, தங்கள் குடியிருப்பில் எழும் சச்சரவு கைகலப்பாக மாறுமுன் இடைபுகுந்து தணிக்கத் தெரிந்தவர்களாக ஆக்குவதற்கான படிகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முதல் நாள் நடையிலிருந்து பொறுப்பை ஒப்படைக்கும் நாள்வரை ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்.

பாடம் நன்றாக இருந்தும் வரிசை பிசகியதால் கெட்டுப்போன பயிற்சிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரியவர்களின் சம்மதத்துக்கு முன் இளைஞர்களைக் கூட்டுவது, கேட்கப் பழகுமுன் சமாதானம் பேச அனுப்புவது, எதில் தலையிடக் கூடாது என்பதைச் சொல்லுமுன் தலையிடச் சொல்வது ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஆகவே கீழே உள்ள எண்களை மாற்றிப் போடாதீர்கள்.

1. தொடங்குமுன் வாங்க வேண்டிய சம்மதம்

மறுவாழ்வு முகாமுக்குள் வெளியார் ஒரு நிகழ்ச்சி நடத்துவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, கிடைத்த அனுமதியின் நகலை முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளரிடமும், முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுக் காவலரிடமும், முகாம் தலைவரிடமும் நேரில் காட்டிய பிறகே முதல் நாள் உள்ளே போங்கள். அனுமதி வாய்மொழியாக மட்டும் இருந்தால், பின்னால் ஏதேனும் பிரச்சினை எழும்போது கேள்வி உங்களிடம் வராது, பெயர் கொடுத்த இளைஞனிடம்தான் போகும். முகாமில் வாழ்பவர்களில் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை என்பதால், பக்கத்து ஊர் இளைஞனுக்கு ஒரே நாளில் முடிந்துபோகும் விசாரணை இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தொல்லையாகிவிடும்.

மீனவர் குடியிருப்பில் அந்தச் சம்மதத்தைத் தருவது ஊர்ப் பஞ்சாயத்து. உள்ளாட்சித் தலைவரைப் பார்த்துவிட்டால் போதும் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊருக்குத் தலைக்கட்டு வரி கட்டும் குடும்பங்கள் கூடி ஏற்றுக்கொண்ட பஞ்சாயத்தார் வேறு, வாக்குப்பெட்டியில் தேர்வான மன்றம் வேறு. கடலில் வலை அறுந்ததிலிருந்து கல்யாணத் தகராறு வரை ஊர் போய் நிற்பது முன்னவரிடம்தான். நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு குடியிருப்பில் இளைஞர்களைச் சேர்த்து மூன்று வாரம் நடத்திய பிறகே பஞ்சாயத்தாரைப் பார்க்கப் போனேன். "எங்களுக்கு மேல ஒரு பஞ்சாயத்து வெக்கிறீங்களா தம்பி?" என்று ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் ஒரு பிள்ளையும் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

இப்போது முதல் சந்திப்பிலேயே நான் சொல்வது இதுதான்: தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை, உங்களிடம் வந்து சேருமுன் தணியக்கூடிய சின்னச் சண்டைகளை மட்டும் பிள்ளைகள் பார்ப்பார்கள், அவர்கள் கையில் அபராதமும் இருக்காது ஊர்விலக்கும் இருக்காது. இந்த மூன்றையும் பஞ்சாயத்தார் ஊர்க்கூட்டத்தில் தங்கள் வாயாலேயே சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னால் அது அறிவிப்பு; அவர்கள் சொன்னால் அது ஊரின் பேச்சு.

2. நாள், இடம், காசு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் இளைஞர்கள் அப்போது கரையில் இருப்பதால், மீனவர் குடியிருப்பில் பயிற்சியின் முதல் பாதியை அந்த நாட்களில் வைத்துக்கொள்வது நல்லது. முகாம் இளைஞர்களில் பெரும்பாலானோர் பெயிண்ட் வேலைக்கு விடியற்காலையே கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். அவர்களுக்கு ஞாயிறு பிற்பகலைத் தவிர வேறு நேரம் இல்லை. அதிலும் அரசு பணக்கொடை தரும் நாளையும், முகாமில் இருப்பவர்களை அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் நாளையும் விட்டுவிடுங்கள்.

கூடும் இடம் எந்தத் தரப்புக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். கோயில் மண்டபம், தேவாலய வளாகம், கட்சிக் கொடிக்கம்பத்தடி, பஞ்சாயத்தார் ஒருவரின் திண்ணை ஆகிய நான்கிலும் யாரோ ஒருவருக்கு உள்ளே வரத் தயக்கம் இருக்கும். பள்ளி வகுப்பறையோ புயல் பாதுகாப்பு மையமோ ஏற்றது.

தினப்படி கொடுக்காதீர்கள். பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் எல்லோருக்கும் ஒரே அளவில் போதும். படி கொடுத்தால், யாருக்குக் கிடைத்தது, யார் பெயர் விட்டுப்போனது என்ற பேச்சு பயிற்சி தொடங்குமுன்பே ஒரு சண்டையைக் கிளப்பிவிடும்.

3. இரண்டு வாரம் நடந்து பார்ப்பது

ஆள் எடுக்குமுன் நீங்கள் தனியாக நடக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம், ரேஷன் கடை வரிசை, ஏலம் நடக்கும் கரை, மாலையில் டீக்கடை, இரவில் கரண்ட் போன நேரம் ஆகிய ஐந்தையும் குறைந்தது இரண்டு முறை பார்த்துவிடுங்கள். "இங்கே என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க, எல்லாம் ஒத்துமையாத்தான் இருக்கோம்" என்ற பதிலே வரும், ஏனென்றால் வெளியாளிடம் ஊரின் குறையைச் சொல்வது ஊரைக் காட்டிக்கொடுப்பதாகும். "கடைசியா சத்தம் வந்தது எப்போ, எதுக்கு வந்தது?" என்று கேட்டுப்பாருங்கள், பத்து நிமிடம் நிற்காமல் பேசுவார்கள்.

இப்படி நடந்ததில் எனக்குத் தெரியவந்த சண்டைகள் பெரும்பாலும் இடத்தைப் பற்றியவை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கொடுத்தார்கள். அன்று பள்ளிக்குப் போன பையனுக்கு இன்று கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது, வீடு மட்டும் அதேதான். வாசலில் ஓலைச் சாய்ப்பு இறக்குகிறார்கள். அது சந்துவழியை மறிக்கிறது. எதிர்வீட்டு வண்டி நுழைய முடியவில்லை. வீடு உள்ளே, படகு கரையில் என்று பிரிந்துவிட்டதால், இரவில் எஞ்சின் பாகம் காணாமல் போனால் சந்தேகம் உடனே அடுத்த தெருவின் மேல் விழுகிறது. முகாமில் நடுச்சுவர் ஒன்றே இரு வீட்டுக்கும் பொதுவாக இருப்பதும், சாக்கடை ஒருவர் வாசலில் தேங்குவதும் இதே கதைதான். வெளியூரோடு என்றால் விளையாட்டு மைதானம், குளம், சுடுகாட்டுப் பாதை, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் பெண்பிள்ளைகளைக் கேலி செய்வது ஆகியவை.

இவற்றை ஒரு வெள்ளைத்தாளில் படமாக வரைந்து வையுங்கள், ஆனால் ஒருவர் பெயரையும் எழுதாதீர்கள். தாள் எப்படியும் ஒருநாள் யார் கையிலாவது சிக்கும்.

4. ஆள் எடுப்பது

இருபதிலிருந்து இருபத்திநான்கு பேர் போதும். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 2015 டிசம்பரில் நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானம், அமைதிப் பணியில் இளைஞர் என்பதை 18 முதல் 29 வயது என்று வகுத்திருக்கிறது. மேல்வரம்பில் நான் ஓரிரு ஆண்டு விட்டுக்கொடுப்பதுண்டு, கீழ்வரம்பில் ஒரு மாதம்கூட விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு கோபக்காரர்களுக்கு நடுவே ஒரு சிறுவனை நிறுத்த நமக்கு உரிமை கிடையாது.

பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் கழிப்பறையடியிலும் சண்டை எப்படித் தொடங்கியது என்பது அவர்களுக்குத் தெரியும், ஆண்கள் வந்து சேரும்போது அது முற்றிய கட்டத்தில் இருக்கும். முதல் இரண்டு அமர்வுகளைப் பெண்களுக்குத் தனியாக நடத்துங்கள். அதன் பிறகு சேர்த்து உட்கார வைத்தால் அவர்கள் பேச்சு அடங்கிப்போகாது.

பஞ்சாயத்தாரும் முகாம் தலைவரும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரைக் கொடுப்பார்கள். மறுக்க வேண்டாம், கால் பங்குக்கு மேல் போகவும் விட வேண்டாம். நல்ல பிள்ளைகளை மட்டும் பொறுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சத்தம் கேட்டதும் முதலில் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடும் பையன் ஒவ்வொரு தெருவிலும் ஒருவன் இருப்பான், அவனைக் கண்டிப்பாகச் சேருங்கள். அவன் நின்றால் பின்னால் ஓடிவரும் பத்துப் பேரும் நிற்பார்கள், நல்ல பிள்ளையின் சொல்லுக்கு அந்தப் பலம் கிடையாது.

5. முதல் நான்கு அமர்வு: கேட்கப் பழக்குவது

இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வையுங்கள். எதிரெதிர்த் தெருவைச் சேர்ந்தவர்களாக இருந்தால் நல்லது. ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, "நீங்க சொன்னது இதுதானே" என்று தொடங்கித் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே ஆள் மாற்றலாம். முதல் நாள் இருபது பேரில் மூன்று பேருக்கு மேல் இது வராது. கேட்டதோடு தம் கருத்தையும் அறிவுரையையும் சேர்த்தே திருப்புவார்கள். சலிக்காமல் நான்கு அமர்வும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் கோபத்தில் இருப்பவர் தம் பேச்சு அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது என்று உணரும் அந்தக் கணத்தில்தான் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்துகிறார்.

முகாம் இளைஞர்களும் உள்ளூர் இளைஞர்களும் கலந்த குழுவில் சொற்களுக்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இலங்கைத் தமிழில் கதைப்பது என்றால் உரையாடுவது. பேசுவது என்பது பல வீடுகளில் ஏசுவதையே குறிக்கும். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரு வழக்கும் வரும், அவர்களுடைய அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் அப்படி அல்ல. உள்ளூர்ப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு வாசலில் நின்று "உங்க பையனைப் பத்திப் பேசணும்மா" என்று சொன்னதும், அந்த அம்மா "ஏன் தம்பி, அவனுக்கு ஏன் பேசப்போறீங்க?" என்று பதறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அருகிலிருந்த முகாம் பெண் "இல்லை அம்மா, சும்மா கதைக்கத்தான் வந்தவை" என்று திருப்பியதும் அந்த அம்மா நாற்காலி எடுத்துப் போட்டார்.

இழப்புக் கதைகளைச் சொல்லும்படி யாரையும் கேட்காதீர்கள். வெளியிலிருந்து வருகிற பயிற்றுநர்கள் முதல் நாளே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துச் சுனாமியில் யாரை இழந்தாய், போரில் என்ன பார்த்தாய் என்று கேட்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அழவைத்துவிட்டு ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்துப் போய்விடுபவருக்கு அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. யாராவது தாமாகச் சொல்லத் தொடங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கான 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணை எல்லோர் கையிலும் முதல் நாளே கொடுத்து வையுங்கள்.

6. காதில் விழுந்ததைச் சரிபார்ப்பது

அடுத்த இரண்டு அமர்வும் வதந்திக்கானவை. வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டி மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: யார் கண்ணால் பார்த்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அதை அனுப்பக் கூடாது என்பதே விதி.

ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30-இல் அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. பிறகு சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. நிவாரணமாகப் புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது, தமிழ்நாடு அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரி ஊரும் தமிழ்நாட்டு ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரையில், ஒரே மழையில் நனைந்த இரு ஊர்களுக்குக் கையில் வந்த தொகை வேறு. இரண்டு அரசுகள், இரண்டு அறிவிப்புகள் என்பது தெரியாதவரிடம், "நம்ம பங்கை எவனோ அடிச்சுட்டான்" என்ற ஒரு வரி போதும், பட்டியல் எழுதிய உள்ளூர்க்காரர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். இரண்டு அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வேறுபாட்டை எளிய சொற்களில் ஒரு பாட்டியிடம் விளக்கும்படி இளைஞர்களை நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை பற்றிய தகராறையும் இதே வழியில் எடுக்கலாம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, மாநில அரசு தடைசெய்திருந்த இந்த வலையை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்ற கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. கரையில் ஒரு தரப்பு "கோர்ட்டே அனுமதி கொடுத்தாச்சு" என்றும், மறுதரப்பு "தடை இன்னும் இருக்கு" என்றும் கத்தும். இரு தரப்புக்கும் உத்தரவின் பாதிதான் தெரியும். அதன் தமிழாக்கத்தையும், பிறகு வந்த உத்தரவு ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்து, குழு வரிவரியாகப் படிக்கட்டும். வலைத் தகராறைத் தீர்ப்பது இவர்கள் வேலை அல்ல. ஊருக்கும் ஊருக்கும் நடக்கும் அந்த மோதலில் இவர்கள் நடுவே போய் நிற்கவும் கூடாது. தம் தெருவில் பொய்ச்செய்தி பரவாமல் பார்த்துக்கொண்டால் அதுவே அன்றைய பெரிய உதவி.

7. கை வைக்கக் கூடாதவை

சமாதானம் பேசக் கற்றுக்கொடுக்குமுன் இந்தப் பகுதியை முடித்துவிட வேண்டும். கையில் புதிதாக ஒரு திறமை வந்தவுடன் அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஊர் ஒற்றுமை என்ற பெயரில் ஒரு பெண்ணின் வாயை மூடவைக்கும் வேலைக்கு நம் பயிற்சி பயன்பட்டுவிட்டால், அதைவிடப் பெரிய கேடு கிடையாது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் பேச்சுவார்த்தை என்பதே கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். காவல் நிலையத்தில் சொல்வதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைப்பதும் மட்டுமே அவர்கள் செய்ய வேண்டியவை. வீட்டுக்குள் பெண்ணை அடிப்பது, பெண்ணைப் பின்தொடர்வது ஆகியவற்றுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிற சாதியார் சாதியைச் சொல்லி இழிவு செய்ததும் தாக்கியதும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பாதிக்கப்பட்டவரை "விட்டுக்கொடு" என்று சொல்ல நம் பிள்ளைகள் போகவே கூடாது. ஆயுதம், போதைப்பொருள், கந்துவட்டிக்காரர், படகில் ஆள் கடத்தும் தரகர் ஆகியவற்றின் அருகிலும் அவர்கள் போக வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் 112.

இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். முப்பது சீட்டுகளில் முப்பது நிகழ்வுகளை எழுதிக் கலைத்துப் போட்டு, நாம் பேசலாம், பெரியவர்களிடம் போக வேண்டும், சட்டத்திடம் போக வேண்டும் என்று மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். "மாமன் மகன், பேசி முடிச்சுடலாம்" என்று ஒருவன் ஒரு சீட்டைத் தவறான குவியலில் வைப்பான். அங்கே நிறுத்தி, அந்தப் பெண் உன் தங்கையாக இருந்தால் இந்தச் சீட்டை எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். குவியல்கள் சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள், எத்தனை வாரம் ஆனாலும் சரி.

8. குழாயடிப் பயிற்சி

ஒருவர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவையானது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே சமாதானம் பேசும் வேலையில் மையமானது. கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நடந்ததை நான் எல்லாக் குழுவுக்கும் பாடமாக வைக்கிறேன்.

காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்து ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும், தெருவுக்கு ஒரே குழாய். மீன் விற்கப் போகும் அக்கா ஒருவர் முந்தின இரவே நான்கு குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவார். குடம் நிற்கலாம், ஆள்தான் நிற்கவில்லையே என்று எதிர்வீட்டுப் பெண் அவற்றை நகர்த்தினார். ஒரு பிளாஸ்டிக் குடம் உடைந்தது. மாலைக்குள் அண்ணன் தம்பிகள் சேர்ந்துவிட்டார்கள், ஒருவருக்குத் தலையில் தையல் போட வேண்டியதாயிற்று.

குழுவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் "எனக்கு என்ன வேண்டும்" என்று ஒரு வரியும், "எதற்காக வேண்டும்" என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் "என் குடம்தான் முன்னால்", "ஆள் நின்றால்தான் குடம்" என்று எழுதுவார்கள், அங்கே சமரசத்துக்கு வழியே தெரியாது. இரண்டாவது வரியில் அக்காவுக்கு ஏலக்கரைக்கு ஆறு மணிக்குப் போயாக வேண்டும் என்பதும், எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளையை ஏழரைப் பள்ளிப் பேருந்தில் ஏற்ற வேண்டும் என்பதும் வரும். இரண்டும் வெவ்வேறு நேரம். அக்கா முதல் கால் மணி நேரம் பிடித்துக்கொள்வது, அவர் வராத நாளில் அந்த முறை அடுத்தவருக்குப் போவது என்று அந்தத் தெருப் பெண்களே பேசி வைத்துக்கொண்டார்கள். உடைந்த குடத்துக்குப் புதுக்குடம் வாங்கித் தந்த பிறகே அந்தப் பேச்சுக்கு அக்கா ஒத்துக்கொண்டார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இழந்ததை ஈடுசெய்யாமல் முறை வகுக்கப் போனால் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.

9. முதல் உண்மையான பேச்சு

மூன்றாம் மாதத்துக்கு முன் யாரையும் உண்மையான சண்டைக்கு அனுப்பாதீர்கள். அனுப்பும்போது எப்போதும் இருவராக, ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவராகப் போகட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் வீட்டுக்குள் போய்ப் பேசலாம். குடித்தவரிடம் அன்று பேச வேண்டாம். மறுநாள் காலை அவர் தலைகுனிந்து இருக்கும் நேரமே ஏற்றது. இருட்டிய பிறகும் வேண்டாம்.

முதலில் இரு தரப்பையும் தனித்தனியே பார்த்து ஐந்தாம் படியில் பழகியபடி கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். சேர்த்து உட்காரச் சம்மதமா என்று பிறகு கேட்கலாம். சம்மதம் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: நல்ல பெயர் எடுக்கும் அவசரத்தில் இருவரையும் டீக்கடை முன்னால் கைகுலுக்க வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "அவன்கிட்டப் போய் இறங்கிட்டியா" என்று ஒரு உறவினர் கேட்கும் ஒரே கேள்வியில் எல்லாம் கலைந்துவிடும். படம் கூடாது, பதிவு கூடாது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது.

உறவுக்காரர் வழக்கென்றால் அந்த இளைஞன் விலகிவிட வேண்டும். சிறிய குடியிருப்பில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் மாமனும் மச்சானும்தான் என்பதால், எந்த அளவு உறவு என்று குழுவே முன்கூட்டி எல்லை வகுத்துக்கொள்ளட்டும்.

10. பக்கத்து ஊரோடு

குடியிருப்புக்குள் நான்கைந்து சண்டை தணிந்த பிறகே வெளியூர்ப் பக்கம் திரும்புங்கள். நல்லிணக்கத்துக்காகக் கபடிப் போட்டியோ கிரிக்கெட் போட்டியோ வைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஊருக்கு ஒரு அணி என்று வைத்தால், தோற்ற அணியின் கோபம் மைதானத்தோடு நிற்காது. ஆட்டம்தான் வேண்டும் என்றால் சீட்டுக் குலுக்கி இரு ஊரும் கலந்த அணிகளாகப் பிரியுங்கள்.

என் அனுபவத்தில் ஆட்டத்தைவிட வேலையே அதிகம் பயன்பட்டது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன், முகாமும் ஊரும் பங்கிடும் வடிகாலைச் செப்டம்பரிலேயே சேர்ந்து தூர்வாருங்கள். அடைத்துக்கொண்டால் இரு பக்கமும் தண்ணீர் ஏறும் என்பதால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு இரு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து சமைத்ததாக இருக்கட்டும். மாசி மகத்துக்குக் கடலூர்த் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் கூட்டம் கூடும் நாளில், இரு ஊர் இளைஞர்களும் இணைந்து காணாமல் போன குழந்தைகளைத் தேடிக்கொடுக்கும் மேசை ஒன்று போடலாம். காவல் நிலையத்தில் முன்பே சொல்லிவிடுங்கள்.

11. குறிப்பேடும் ஒப்படைப்பும்

ஒவ்வொரு தலையீட்டுக்கும் நான்கு வரி போதும்: எந்த நாள், எதைப் பற்றி, என்ன முடிவு, முப்பதாம் நாள் அந்த முடிவு நிற்கிறதா. பெயர் இருக்கக் கூடாது. முப்பதாம் நாள் போய்ப் பார்க்கும் அந்த நடையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குழாய் முறை பத்து நாள் நடந்து பதினோராம் நாள் கலைந்திருக்கும், யாராவது வந்து கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சரியாகியிருக்கும்.

இடம்பெயர்ந்தவர்கள் மீண்டும் இடம்பெயர்வார்கள். பெண்கள் திருமணமாகிப் போவார்கள், பையன்கள் சென்னைக்கு வேலைக்குப் போவார்கள், சிலர் இலங்கைக்கே திரும்புவார்கள். இருபது பேரில் ஒரு ஆண்டு கழித்து எட்டுப் பேர் இருந்தால் அது நல்ல கணக்கு. எனவே ஐந்தாம் மாதத்திலேயே இரண்டாவது குழுவைச் சேர்த்து, அதற்கு மூன்றாம் படியையும் ஐந்தாம் படியையும் முதல் குழுவே நடத்தும்படி விடுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள், தவறு செய்தாலும் இடையில் பேசாதீர்கள். ஏழாம் படியில் மட்டும் கூடவே இருங்கள்.

ஆறாம் மாத முடிவில் குறிப்பேட்டை ஊர்க்கூட்டத்தில் பஞ்சாயத்தார் முன்னிலையிலோ முகாம் தலைவர் முன்னிலையிலோ இளைஞர் இருவரிடம், ஒரு பெண்ணிடமும் ஒரு ஆணிடமும், சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் ஏடு முழுவதையும் ஒருமுறை புரட்டி, எங்கேனும் ஒரு பெயரோ கதவு எண்ணோ தவறி எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாளைக் கிழித்து எரித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்து, சொல்லாமல் ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள்.